எஃப்-ஒன் அழுத்தியது யார்?

பகல் 1:31.

முதலில் பார்த்தது, அந்த சாஃப்ட்வேர் ஆபீஸில் பிழை தேடும் டெஸ்டர்தான். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், அவர்களுடைய வாடிக்கையாளரான ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பக்கத்தைத் திறந்தாள். நோயாளிகள் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி. பதிவுகள்: 0. ரிஃப்ரெஷ் செய்தாள். பூஜ்யம். மறுபடியும் செய்தாள். அதே பூஜ்யம்.

"யாரோ சுத்தமாத் துடைச்சுட்டாங்க," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அடுத்த நிமிடம் ஆறாவது மாடியே எழுந்து நின்றது. சர்வர்காரர் நாற்காலியோடு உருண்டு வந்து, நாலு தட்டுத் தட்டி, தலையில் கை வைத்தார்.

"முந்தாநாள் வரைக்கும் பேக்கப் இருக்கு. அதுக்கப்புறம் வந்த ரிசல்ட் போனது போனதுதான். நானூத்திப் பதினோரு பேர்."

நானூற்றுப் பதினோரு பேர் மறுபடி கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். அதில் எத்தனை பேர் குழந்தைகளோ.

பகல் 1:40.

அழிக்கும் கமாண்ட் ஓடியது சரியாக 1:12-க்கு. ஓடிய இடம் ஜன்னலோர மெஷின். அந்த ஆபீஸில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மெஷினிலிருந்துதான் நோயாளிகளின் பதிவு இருக்கும் நிஜ சர்வரைத் தொட முடியும். யார் அவசரமாக வந்தாலும் உதவும் என்று, அன்றைய மெஷினைப் பூட்டவே கூடாது. இது டீம் லீட் போட்ட சட்டம். இன்றைய மெஷின், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாளே ஆன பெண்ணுடையது.

அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் எஃப்-ஒன். காரணம் அவர்கள் கமாண்டுகளை எழுதும் எடிட்டரில் இருந்த ஒரு கருவி. ஏதாவது ஒரு கமாண்டின் மேல் கர்சரை வைத்து எஃப்-ஒன்னைத் தட்டினால் போதும், அந்த கமாண்ட் என்ன செய்யும், எதில் ஜாக்கிரதை என்று முழு விளக்கமும் பக்கத்தில் விரியும். மற்றவர்கள் எப்போதாவது தட்டுவார்கள். இவள் மூச்சு விடுகிற மாதிரி தட்டுவாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தக் கீபோர்டில் அந்த ஒரு பட்டனில் மட்டும் எழுத்து அழிந்து வழுக்கையாகிவிட்டது.

லீடுக்கு வேறு பெயர். மனப்பாடம். எந்த கமாண்டையும் கேட்ட மாத்திரத்தில் ஒப்பிப்பார், எதையும் திறந்து பார்க்க மாட்டார். டெஸ்டருக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"திட்டாதீங்க மேடம்," என்றார் மனப்பாடம், முதலாளி அம்மாவிடம். "அந்த கமாண்ட் முன்ன மாதிரி இல்ல. முன்னெல்லாம் எத்தனை பதிவு போகும்னு காட்டிட்டு, நிச்சயமான்னு கேக்கும். புது வெர்ஷன் கேக்காமலே அழிச்சிடுது. சின்னப் பொண்ணு, தெரியாமத் தட்டியிருக்கா."

எவ்வளவு நல்ல மனசு என்று எல்லாரும் நினைத்தார்கள். டெஸ்டரும் நினைத்தாள்.

பகல் 2:10. முதலாளி அம்மாவின் அறை.

"ஒரு மணிக்கு மேல எங்க இருந்த?"

"மாடிப்படியில, மேடம். அம்மாகூடப் பேசிக்கிட்டு இருந்தேன். இதோ போன்ல இருக்கு பாருங்க, 1:05-லேர்ந்து 1:24 வரைக்கும்."

"போனைக் காதுல வச்சுக்கிட்டே கையால தட்டலாமே. யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல மேடம்."

முதலாளி அம்மா ஒரு தாளைத் தள்ளினார். ஜன்னலோர மெஷினில், அந்தக் கருவியின் 'கடைசியாகப் பார்த்தவை' பட்டியல். அழிக்கும் கமாண்டின் பெயர் அதில் பளிச்சென்று இருந்தது.

"இந்த ஆபீஸ்ல இப்படி எடுத்துப் படிக்கிறது யாரு? நீதானே?"

அவள் நல்ல பழக்கமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"நாலு மணிக்குள்ள நீதான் செஞ்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா பரிசோதனைக் கூடம் போலீசுக்குப் போகும்."

அந்தக் காகிதம் இனி அவள் வேலை தேடிப் போகும் ஒவ்வொரு ஆபீஸுக்கும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

பகல் 2:35.

அந்தப் பெண் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. காலி டம்ளரைப் பிடித்திருந்தாள்.

"நீ செஞ்சியா?" என்றாள் டெஸ்டர். சுற்றி வளைப்பது அவளுக்குப் பிடிக்காது.

"இல்லக்கா."

"அந்த கமாண்டை என்னிக்காவது பார்த்திருக்கியா?"

"பேரு கூட இன்னிக்குத்தான்கா தெரியும். தெரிஞ்சிருந்தா முதல்ல படிச்சிருப்பேன்."

முதலில். அந்த வார்த்தை டெஸ்டரின் காதில் முள் மாதிரி தைத்தது.

பகல் 2:50.

அச்சடித்த தாளில் கமாண்டுகளின் பெயர் மட்டும் இருந்தது, நேரம் இல்லை. ஜன்னலோர மெஷினிலோ, பெயரின் மேல் கர்சரை வைத்தால் நேரமும் தெரிந்தது. டெஸ்டர் வைத்தாள். அழிக்கும் கமாண்டின் விளக்கம் திறக்கப்பட்டது 1:13-க்கு.

"சர்வர் கடிகாரமும் இந்த மெஷின் கடிகாரமும் ஒண்ணா ஓடுதா?"

"ரெண்டையும் நான்தான் ஒரே இடத்துலேர்ந்து ஓட்டுறேன்," என்றார் சர்வர்காரர். "வினாடி பிசகாது. ஏன்?"

"சும்மாதான்."

பட்டியலில் அடுத்த வரி 1:14. அதே விளக்கம், ஆனால் விளக்கத்தின் மேலே இருந்த வெர்ஷன் பட்டியலில் பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுத்துத் திறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 1:28 வரை எதுவும் இல்லை.

"புது வெர்ஷன் எப்ப போட்டீங்க?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமை முன்னால. அந்தப் பொண்ணு சேர்றதுக்கு மொதல் நாள்."

"அது கேக்காம அழிக்கும்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மெயில் போட்டேன். புதுசு போட்டாச்சு, விளக்கத்தைப் படிங்கன்னு. அவ்வளவுதான். வாயால சொன்னா மட்டும் இங்க யாரு கேக்கிறாங்க?"

"இன்னிக்கு? அழிஞ்சதுக்கப்புறம்?"

"எங்கம்மா நேரம்? பேக்கப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்."

டெஸ்டர் ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்தாள். சோதனை என்று சொன்னால் அவளை யாரும் தடுப்பதில்லை, அவள் பிழைப்பே அதுதான். அந்தக் கமாண்டின் புது விளக்கம் திறக்கப்பட்டது இரண்டே மெஷினில். புது வெர்ஷன் போட்ட ஞாயிறன்று சர்வர்காரருடையதில். இன்று 1:13-க்கு ஜன்னலோரத்தில்.

கடைசியாக அண்ணனின் மெஷின். அவர் போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். எடிட்டரைத் திறந்து எஃப்-ஒன்னைத் தட்டினாள். ஒன்றும் விரியவில்லை. அந்தக் கருவியை அவர் ஏற்றவே இல்லை. சர்வர்காரரின் மெயில், திறக்காத மெயில்களின் கும்பலில் கறுத்த எழுத்தில் அப்படியே கிடந்தது.

டெஸ்டர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நடக்க வேண்டும். நடந்தால் சொல்ல வேண்டும்.

பகல் 3:48.

அறையில் ஐந்து பேர். மேஜையில் பேனாவும் தாளும்.

"அவ செய்யல, மேடம்," என்றாள் டெஸ்டர். "அழிச்சது 1:12. விளக்கத்தைத் திறந்தது 1:13. தட்டுறதுக்கு முன்னால படிக்கிறவளுக்குத்தான் எஃப்-ஒன்னு பேரு வச்சோம். இது தட்டிட்டு, ஐயோன்னு பதறிப் போய்ப் படிச்ச ஆளு."

"பயத்துல அவளே படிச்சிருக்கலாமே?"

"அப்புறம் 1:14-க்குப் பழைய வெர்ஷனைத் தேடிப் போயிருக்காங்க. இவ பழசைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல. இடிச்ச வீட்டைத் தேடிக்கிட்டுப் போறவன் அதுல குடியிருந்தவனாத்தான் இருக்கணும். இந்த ஆபீஸ்ல பழசை ஓட்டினவங்க ரெண்டே பேரு. சர்வர்காரர் புதுசையும் படிச்சிருக்கார், அவருக்கு அதிர்ச்சி ஆக ஒண்ணுமே இல்ல."

"1:40-க்கு ஒருத்தர் நம்மகிட்ட சொன்னார், புதுசு கேக்காம அழிச்சிடுதுன்னு. அவர் மெயிலைத் திறக்கல. அவர் மெஷின்ல அந்தக் கருவியே இல்ல. சர்வர்காரர் வாயைத் திறக்கல. பிறகு அது அவருக்கு எங்கேர்ந்து தெரிஞ்சுது?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது மனப்பாடத்தை.

"அண்ணே. நீயே சொல்லிடு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனை பழைய பதிவு தேறும்னு பார்க்கத்தான் தட்டினேன். எண்ணிக்கை காட்டும், நிச்சயமான்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லிடலாம்னு... பதினாறு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்த கமாண்ட் அது." கண்ணாடியை மடித்து மேஜையில் வைத்தார். "நான் அழிக்கணும்னு நினைக்கலம்மா. அது பிழை."

"அழிச்சது பிழைதான். என் வேலையே பிழை பார்க்கிறது, எனக்குத் தெரியாதா? ரெண்டு மணி நேரமா இவ அழுகையை அடக்கிக்கிட்டு நின்னதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, அதுக்கு எந்தப் பக்கத்துல விளக்கம் இருக்கு?"

மாலை 4:25.

முதலாளி அம்மா புதுத் தாள் ஒன்றை அடித்துக்கொண்டு வந்தார். சம்பவம் தொழில்நுட்பக் கோளாறு. தனி நபர் யாரும் காரணமில்லை. இதுபற்றி வெளியில் பேச மாட்டோம்.

"அவர் இல்லாம இந்த சிஸ்டம் ஒரு நாள் ஓடாது," என்றார் அந்தப் பெண்ணிடம். "உன் வேலையும் பத்திரம். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

சர்வர்காரர் போட்டார். மனப்பாடம் போட்டார். அந்தப் பெண் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னம்மா, இதுக்கும் எஃப்-ஒன்னா?" என்று சிரித்தார் முதலாளி அம்மா.

"ஆமா மேடம். இதுல என் மேல தப்பில்லன்னு எங்கயுமே இல்ல."

தாளை மேஜையில் வைத்தாள். பேனாவை அதன் மேல் வைத்தாள். தன் இடத்துக்குப் போய்க் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"வர்றேங்க்கா," என்றாள். லிஃப்டுக்காக நிற்கவில்லை, படியிலேயே இறங்கினாள்.

மாலை 5:40.

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். தினமும் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

"ஏறு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

டெஸ்டர் ஏறவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். அவள் போட வேண்டிய நான்காவது கையெழுத்துக்கான இடமும் காலியாகத்தான் இருந்தது.

"நானும் படிச்சுப் பார்த்தேண்ணே," என்றாள். பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.