கைப்பிடி திரும்பும் நேரம்

ரொக்ஸ்பரோவில் கள்ளர் இல்லை. இதை என் கணவர் அருமைநாதன் வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது சொன்னார், இறக்கும்போது சொன்னார், கட்டிலைப் படியில் திருப்ப முடியாமல் சுவரோடு நெரிபட்டு நின்றபோதும் சொன்னார். அந்த நிலையிலும் மனுசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மொன்றியல் நகருக்குள் கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் எங்கள் வீட்டை இரண்டு தரம் உடைத்தார்கள். முதல் தரம் டிவி போனது. இரண்டாம் தரம் என் தாலிக்கொடி. குளிர் உடுப்புக்குள் சிக்குகிறது என்று கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன். தமிழ்ச்சனம் எங்கே ஒளிக்கும் என்று மொன்றியல் கள்ளனுக்கும் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு இவர் நித்திரை கொள்ளவில்லை. லிஃப்ட் நின்றாலே எழும்பி உட்காருவார்.

அப்போதுதான் மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் இந்த வீடு கிடைத்தது. கியூபெக் தனிநாடாகப் பிரிவதா என்ற ரெஃபரண்டம் முடிந்த கையோடு ஆங்கிலம் பேசும் சனங்கள் பலர் ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரி ஒரு கிழவி, முந்தின குளிர்காலத்தில் செத்துப்போனாள். ரொறன்ரோவில் இருந்த அவளுடைய தங்கை மகன், வீடு விற்கும்வரை யாராவது குடியிருந்தால் போதும் என்று குறைந்த வாடகைக்கு விட்டான்.

வீடு பழசு. வாசற்கதவு மட்டும் புத்தம் புதிய இரும்புக் கதவு. உள்பக்கக் கைப்பிடியின் நடுவில் ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டுச் சாத்தினால் வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். பக்கத்து யன்னலில் ஒரு ஸ்டிக்கர், அதில் பெரிய கண் ஒன்று. இந்தத் தெருவை அயலவர் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கள்ளனுக்குச் சொல்லும் கண். உள்ளே எல்லா அலுமாரியிலும் பூச்சி உருண்டை வாசம்.

தெரு முழுக்க வயதானவர்கள். வெட்டிவிட்ட வேலி, துடைத்துவிட்ட கார். ஒரு நாய் குரைத்தால்கூட அதற்காக மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள் போலிருந்தது. இவர் காலையில் ரயிலேறித் தொழிற்சாலைக்குப் போவார், அங்கிருந்து நேரே ரெஸ்ரோரண்ட் கோப்பை கழுவலுக்கு, பிறகு கடைசி ரயிலில் வீடு. என் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையைத் தூரம் என்று நிறுத்தியாயிற்று. பிள்ளைகளும் இல்லை. ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த பிறகு அம்மா எங்கே என்று தெரியாது. பகல் முழுக்க எனக்குக் கேட்கும் ஒரே குரல் ஹீட்டருடையது.

பழைய கட்டடத்தில் கதவுகள் பாதி திறந்தே கிடக்கும். கீழ்த்தட்டுச் சிவாஜினி கேட்காமலே உள்ளே வந்து என் கறிச்சட்டியைத் திறந்து பார்ப்பாள். களவு போனதும் அதனால்தான் என்று இவர் சொல்வார். இருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் சட்டியைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை.

முதல் பனி விழுந்த அன்று அது வந்தது.

பின்னேரமே இருட்டிவிட்டது. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஏதோ முனகியது. எட்டிப் பார்த்தேன். கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பியது. பூட்டில் இடித்து நின்றது. பிறகு அதே நிதானத்தோடு பழையபடி வந்தது.

எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிற விதத்திலேயே வந்தது யாரென்று சொல்லிவிடுவோம். ஆமிக்காரன் தட்டுவது ஒரு விதம். இயக்கப் பெடியள் தட்டுவது இன்னொரு விதம். எது கேட்டாலும் விளக்கை அணைத்து மூச்சை அடக்கி இருக்கத் தெரிந்தவள் நான்.

இது தட்டவே இல்லை.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. தெருவிளக்கின் கீழே பனி, புதிதாகப் பிசைந்த மாவு மாதிரி, ஒரு தடமும் இல்லாமல் கிடந்தது.

அன்றிரவு இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார்.

"காத்தடிச்சிருக்கும், நேசம். இஞ்சை கள்ளர் இல்லை."

"கள்ளர் எண்டு ஆர் சொன்னது?"

சப்பாத்தைக் கதவோரம் வைத்தார். பிறகு, இதை வெளியே யாரிடமும் கதைக்க வேண்டாம் என்றார். பழைய கட்டடத்தில் ஒரு பெண் இப்படி ஏதோ சொல்லப்போய், டொக்டர் குளிசை கொடுத்து, சனம் அவளை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. அவருக்கு அந்தப் பயம். நான் சிவாஜினிக்கு மட்டும் போனில் சொன்னேன். வெள்ளைக்காரப் பேய்க்கு என் தமிழ் விளங்காது, ஆகவே சண்டைக்கு வராது என்று சிரித்தாள்.

அது ஒவ்வொரு நாளும் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில். ஒரு தரம் திரும்பும், பூட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் போய்விடும். தொந்தரவு இல்லை, தட்டல் இல்லை, குரல் இல்லை. தொடக்கத்தில் குசினி மூலையில் ஒடுங்கி நின்றேன். பிறகு வாசலடியில் ஒரு கதிரை போட்டு இருந்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மார்கழி முடிவதற்குள் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒருநாள் கொஞ்சம் பிந்தியபோது, ஏன் இன்னும் காணவில்லை என்று எழும்பிக் கதவடிக்குப் போனேன். அந்த வீட்டுக்கு என்னைத் தேடி வந்த ஒரே ஆள் அதுதான்.

கிறிஸ்மஸ் முடிந்த பிறகு, எதிர்வீட்டுக் கிழவர் எங்கள் படியின் பனியையும் சேர்த்து வழித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, என் அரைகுறை ஆங்கிலத்தில், முன்பு இங்கே இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். அவர் எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அவள் பெயர் எலிசா. கல்யாணம் செய்யவில்லை. தெருக் காவலுக்கு அவள்தான் தலைவி. பொழுது சாயும்போது சாம்பல் நிறக் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு புறப்படுவாள். ஒவ்வொரு வீட்டுக் கைப்பிடியையும் திருப்பிப் பார்ப்பாள். பூட்டியிருந்தால் அடுத்த வீடு. பூட்டாமல் இருந்தால் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பொத்தானை அமுக்கி, சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போவாள். உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்தத் தெருவில் ஒரு சைக்கிள்கூடக் களவு போனதில்லையே, பிறகு எதற்கு இது என்று கேட்டால், போகாததற்குக் காரணமே இதுதான் என்பாளாம். கிழவர் சிரித்தார்.

எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

உள்ளே வழுக்கி விழுந்திருக்கிறாள். வாசலடி வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறாள். கைப்பிடி எட்டவில்லை. கதவை உள்ளிருந்து தட்டியிருக்க வேண்டும், ஆனால் குளிருக்கு எல்லோரும் இரட்டை யன்னலையும் சாத்திக்கொண்டிருந்தார்கள். நாலைந்து நாளாக ஆளைக் காணவில்லையே என்று பிறகுதான் நினைத்தார்கள். தீயணைப்புக்காரர் கதவை உடைக்க வேண்டியிருந்தது.

புதுக் கதவு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியது.

தெரு முழுக்கக் கைப்பிடி திருப்பிப் பார்த்தவள். அவளுடைய கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. அன்று பொழுதுபட்டதும் அது திரும்பியபோது எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

தை முதல் வெள்ளி. வீட்டைக் கூட்டித் துடைத்துத் தலைமுழுகி, சாமிப் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றினேன். சிவாஜினி போன் எடுத்தாள்.

"விளக்கு வைக்கிற நேரம் வாசலைப் பூட்டி வைச்சா லட்சுமி எப்பிடி அக்கா வருவா? கொஞ்ச நேரமெண்டாலும் திறந்து விடுங்கோ."

பழைய வீட்டில் வெள்ளிக்கிழமையில் நான் தவறாமல் செய்ததுதான். இங்கே குளிருக்கும் பயத்துக்கும் விட்டிருந்தேன். போனை வைத்துவிட்டுப் போய்க் கதவை ஒரு சாண் திறந்தேன்.

குளிர் தரையோடு ஊர்ந்து வந்து காலைப் பிடித்தது.

"வாங்கோ" என்றேன்.

லட்சுமிக்குத்தான் சொன்னேனா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

விளக்குச் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அணையவில்லை.

ஈரக் கம்பளி மணம் வந்தது. அதன் பின்னால் பூச்சி உருண்டை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் சாத்துவது போல, அவ்வளவு பக்குவமாக.

நான் பார்த்துக்கொண்டிருக்கவே பொத்தான் உள்ளே போனது.

டக்.

இப்போது போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் வழக்கம் அதுதானே.

பலகைத் தரை என் பக்கத்தில் அழுந்தியது. பிறகு குசினிப் பக்கம். பின்கதவில் ஒரு டக். யன்னல் கொளுக்கிகள் ஒவ்வொன்றாக. நிலவறைப் படியில் இறங்கும் சத்தம். ஏறி வரும் சத்தம்.

வாசலடிக் கதிரை முனகியது.

அவள் வெளியே நின்று சாத்தவில்லை. உள்ளே வந்து சாத்தியிருக்கிறாள்.

ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருப்பினேன். அசையவில்லை. பின்கதவும் அப்படியே. போனை எடுத்தேன், யாரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் வைத்தேன். விளக்கடியில் குந்தியிருந்து, அந்தக் கதிரையைப் பார்த்தபடியே இருந்தேன். வெறும் கதிரைதான். அதன் கீழே பனி உருகின தண்ணீர் சொட்டுச் சொட்டாய் இருந்தது.

இவர் வந்தபோது சாவி சுழலவில்லை. கூப்பிட்டார், தட்டினார். நான் உள்ளிருந்து இழுத்தேன். கடைசியில் நிலவறை யன்னலை உடைத்து, கையையும் வெட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நான்தான் பயத்தில் ஏதோ செய்து அடைத்துக்கொண்டேன் என்று முடிவுகட்டினார். டொக்டரைப் பார்ப்போம் என்று, என்னுடைய முகத்தைப் பாராமல் சொன்னார். நான் காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை நம்ப இனி உலகத்தில் ஒருவரும் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

விடிந்ததும் கதவு சாதாரணமாகத் திறந்தது. அன்றிலிருந்து கைப்பிடி வெளியிலிருந்து திரும்பவே இல்லை. பொழுது சாயும்போது உள்ளே டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் பிறகு விடியும்வரை நான் வெளியே போக முடியாது; இவர் வந்தால் இவருடைய சாவிக்கு மட்டும் கதவு திறக்கும்.

அடுத்த ஞாயிறு இவர் வீட்டில் நின்றார். பொழுதுபடக் குப்பைப் பையோடு வெளியே போனார். நான் குசினியில், இரண்டு கையும் ரொட்டி மாவுக்குள். அவர் யன்னல் வழியாக என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் டக் என்றது. அந்தப் பூட்டுச் சத்தம் தனக்குக் கேட்டது என்று அவர் எனக்கு ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ரொக்ஸ்பரோவில் கள்ளர் இல்லை என்ற பேச்சு அன்றோடு நின்றது. மாசி முடியுமுன் கோட்-டெ-நெய்ஜுக்கே திரும்பினோம். அதே கட்டடம், அதே தட்டு.

எனக்கு உயிர் வந்தது. முதல் கிழமை முழுக்க வாசலைச் சாத்தவே இல்லை. சிவாஜினி வந்து சட்டியைத் திறந்து பார்த்தாள். பொரியல் மணமும் பிள்ளைகளின் பிரெஞ்சுச் சண்டையும் வீடுகளுக்கு நடுவே ஓடும் நடைபாதையெல்லாம் நிறைந்து கிடந்தன.

பிறகு ஒருநாள் சிவாஜினி தன் வாசல் தானாகப் பூட்டிக்கொண்டதாகச் சொன்னாள். பூட்டுப் பழசு என்றாள். மறுநாள் பக்கத்து வீட்டார். அதற்கடுத்து மேல்தட்டு. யாரோ சின்னப் பெடியள் பின்னேரங்களில் கைப்பிடியைத் திருப்பி விளையாடுகிறார்கள் என்று எல்லோரும் கதவைப் பூட்டி வைக்கப் பழகிவிட்டார்கள். நடைபாதையில் இப்போது ஹீட்டர் சத்தம் கேட்கிறது. இந்த எட்டு மாதத்தில் கட்டடத்தில் ஒரு களவும் இல்லை. வீட்டுக்காரருக்குச் சந்தோசம். என் கணவர் மட்டும் அதைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

நேற்றும் வெள்ளிக்கிழமை. விளக்கு ஏற்றியிருந்தேன். நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கைப்பிடியாகத் திரும்பிக்கொண்டு வருவது கேட்டது. என் வாசலைத் தாண்டிப் போய்விடும் என்று காத்திருந்தேன். என் கைப்பிடி திரும்பவில்லை. இந்தக் கதவிலும் இருந்த பொத்தான்தான் உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள்.

"அக்கா, வடை சுட்டனான். திறவுங்கோ."

சிவாஜினி. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

என் கையின் மேல் ஈரமான கம்பளிக் கையுறை ஒன்று படிந்தது. அழுத்தவில்லை. பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, நிக்கிறியளே?"

நிற்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவள் மறுபடி தட்டினாள். பிறகு தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய செருப்புச் சத்தம் நடைபாதையில் தூரமாகிப் படியில் இறங்கியது. கீழ்த்தட்டில் சிவாஜினி தன் கதவைப் பூட்டுவது கேட்டது.

கையுறை என் கையை விடவில்லை.