கடல் சுழியும் ஆறரை மணி பஸ்ஸும்

ஒவ்வொரு கோடையிலும் லண்டன் இல்ஃபோர்ட் தேவாலயத்துத் தமிழ்க் குடும்பங்கள் பஸ் பிடித்து ஒரு நாள் பயணம் போவது வழக்கம். எங்கே போவது என்று பெரியவர்கள் முடிவு செய்யப் போனால் சண்டை வரும். அதனால் பிள்ளைகள் இடங்களின் பெயரை எழுதிப் பெட்டியில் போட, அதிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார்கள். போன வருடம் கடற்கரை வந்தது. அதற்கு முந்திய வருடம் விலங்குப் பண்ணை. அதற்கும் முந்திய வருடம் கடற்கரைதான்.

இந்த வருடம் எடுத்த சீட்டில் "கடல் சுழி" என்று இருந்தது.

"இது ஆர் எழுதினது?" என்று கேட்டார் அருள்நேசன். பயணத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"நான்தான் அப்பா" என்று எழுந்தாள் பெனிற்றா. அவளுக்குப் பத்து வயது. எழுந்த பிறகு உட்காரவே இல்லை. "வேல்ஸிலை ஒரு தீவு இருக்கு. அதுக்கும் கரைக்கும் நடுவிலை மெனாய் எண்டு ஒரு நீரிணை. ரெண்டு பக்கத்தாலையும் கடல் உள்ளுக்கு வரும். பிறகு எல்லாத் தண்ணியும் ஒரே பக்கமா ஓடத் தொடங்கும். நடுவிலை பாறையள். அதிலை அடிபட்டுப் பெரிய பெரிய சுழி வரும். ஆரும் செய்யிறேல்லை, தன்பாட்டிலை வரும்! ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் நல்லா வரும்!"

தேவாலய மண்டபத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மேரிறோஸ் மாமி கையைத் தூக்கினார்.

"சுழி பாக்கிறதுக்கு ஆறு மணித்தியாலம் பஸ்ஸிலை போகவேணுமோ, பிள்ளை? என்ரை குசினி சிங்கிலையும் சுழி வருது. வந்து பாருங்கோவன், தேத்தண்ணியும் தருவன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெனிற்றாவின் காது சூடாகிவிட்டது. ஆனால் சீட்டு வந்தால் வந்ததுதான். அதை மாற்ற முடியாது.

அன்று மாலையே அவள் வேலையைத் தொடங்கினாள். பௌர்ணமியை ஒட்டிக் கடல் வேகமாக ஏறி இறங்கும் என்று வாசித்திருந்தாள். வீட்டுச் சமையலறைச் சுவரில் தமிழ்க் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. அதில் பௌர்ணமிக்கு ஒரு வட்டம் போட்டிருக்கும். ஜூன் மாதத்து வட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தது. அந்த நாள் நல்ல நாள்!

அடுத்ததாக நூலகத்துக்குப் போய், கடல் ஏறி இறங்கும் நேரங்களின் அட்டவணையை அச்செடுத்து வந்தாள். தாள் முழுக்க எண்கள். தாளின் அடியில் எறும்பு வரிசை போலச் சின்ன எழுத்துகள். எறும்பு வரிசையை யார் வாசிப்பார்கள்? எண்களை வைத்துக் கணக்குப் போட்டாள். அன்று சுழிகள் மிக நன்றாகத் தெரியும் நேரம் பகல் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை. அதற்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டே போகும்.

"அப்பா, பஸ் காலமை ஆறரைக்கு வெளிக்கிடவேணும்."

"சரி. அப்ப ஐஞ்சு மணி எண்டு சொல்லிவிடுறன்" என்றார் அருள்நேசன், போனை எடுத்தபடி.

"ஐயோ, ஏன் ஐஞ்சு?"

"ஆறரை எண்டு சொன்னா எட்டரைக்குத்தான் வருவினம், பிள்ளை."

அதுதான் சிக்கல். அருள்நேசன் எப்போதும் உண்மையான நேரத்தைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்திச் சொல்வார். அது இரகசியம். ஆனால் இல்ஃபோர்டிலிருந்து பக்கத்து ஊரான பார்க்கிங் வரை எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அதனால் அவர் சொல்லும் நேரத்தோடு அவர்கள் இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வார்கள். சிலர் இரண்டரை கூட்டுவார்கள். போன வருடம் எட்டு மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டது.

பெனிற்றா மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த முறையும் ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டால் மூன்றரை மணிக்குத்தான் போய்ச் சேரலாம். அப்போது சுழி எல்லாம் அடங்கியிருக்கும். நாற்பது பேர் கரையில் நின்று சும்மா கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பார்கள். பிறகு நாற்பது பேரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள்.

"அப்பா, எல்லாருமே பிந்துறவையோ?"

அருள்நேசன் யோசித்தார். "இல்லை. மற்றவை வந்திடுவினம். மேரிறோஸ், லெஸ்லி, கணேசலிங்கம், இந்த மூண்டு பேருக்காகத்தான் எப்பவும் நிக்கிறது."

"ஏன் பிந்துறவை?"

"ஏனெண்டு ஆர் கேட்டது?"

'அப்படியென்றால் நான் கேட்கிறேன்' என்று நினைத்துக்கொண்டாள் பெனிற்றா.

முதலில் மேரிறோஸ் மாமி வீடு. மாமி தேநீரோடு கேக்கும் கொடுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"நாற்பது பேருக்குச் சுடச்சுட இடியப்பமும் சொதியும் செய்யிறது லேசோ, பிள்ளை? விடிய மூண்டு மணிக்கு எழும்புவன். இருக்கிறது ஒரு ஸ்டீமர். தனி ஆள். அவிச்சு முடியேக்கை எட்டு மணி."

பெனிற்றா வாயைப் பிளந்தாள். ஒவ்வொரு பயணத்திலும் அவள் ஆறு இடியப்பம் சாப்பிட்டிருக்கிறாள். யார் எத்தனை மணிக்கு எழுந்து அவித்தார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"மாமி, இந்த முறை கட்டுச்சோறு கொண்டுபோவமோ? வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபத்துக் குசினியிலை எல்லாரும் சேர்ந்து கட்டலாம். ஆனா புளிச்சோறு உங்கடை கையாலைதான் குழைக்கவேணும். மற்றவை குழைச்சா எனக்கு இறங்காது."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். "கதைக்கப் பழகியிட்டாய் நீ" என்றார்.

லெஸ்லி மாமா ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலை. அவரிடம் போனில் பேசினாள்.

"அப்பாட்டை சொல்லிப்போடாதை" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "எனக்கு வெள்ளிக்கிழமையிலை நைட் ஷிப்ட். ஆறு மணிக்குத்தான் முடியும். அங்கையிருந்து ரெயின் பிடிச்சு இல்ஃபோர்டுக்கு வர நேரம் போயிடும். விசயம் தெரிஞ்சா, நீ வராதை, போய்ப் படு எண்டு சொல்லுவினம். எனக்கு உங்களோடை வர விருப்பம், பிள்ளை."

பெனிற்றா வரைபடத்தைப் பார்த்தாள். ஹவுன்ஸ்லோ, வேல்ஸுக்குப் போகும் பக்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

"மாமா, நீங்கள் இல்ஃபோர்டுக்கு வராதேங்கோ. பஸ் உங்கட்டை வரும். அப்பா உங்களை விட்டிட்டுப் போகாமல் நான் பாத்துக்கொள்ளுறன். ஏறிப் படுங்கோ, இடம் வந்ததும் நான் எழுப்புறன்."

"நல்ல பிள்ளை" என்றார் மாமா.

கணேசலிங்கம் அங்கிள் பார்க்கிங்கில் இருக்கிறார். தேவாலயத்துக்கு வராவிட்டாலும் பயணத்துக்குத் தவறாமல் வருவார். ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவர் வீட்டில் மூன்று மணிக்கூடுகள் இருந்தன. மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டின.

"நான் பிந்துறனானோ?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "முதல் வருசம் உன்ரை அப்பா ஏழு மணி எண்டார். நான் ஆறு ஐம்பத்தொன்பதுக்கு வந்தனான். ஒரு குருவி இல்லை! ஒன்பது மணி வரைக்கும் மழைக்குள்ளை நிண்டனான். அதுக்குப் பிறகு நான் ஏன் நேரத்துக்கு வரவேணும்?"

"அங்கிள், இந்த முறை ஆறரை. உண்மையான ஆறரை."

"உண்மையாவோ?"

"கடல் சுழலுற நேரத்தைப் பாத்துக் கணக்குப் போட்டனான். எங்கடை பஸ் வருது எண்டு கடலுக்குத் தெரியாது அங்கிள்."

கணேசலிங்கம் அங்கிள் அவளை உற்றுப் பார்த்தார். "அப்ப ஆறு இருபத்தொன்பதுக்கு நிப்பன்."

அன்றிரவு வட்ஸ்அப் குழுவில் அருள்நேசன் ஒரு செய்தி போட்டார். பெனிற்றா பக்கத்திலேயே நின்றாள். "பஸ் 6.30க்கு வெளிக்கிடும். இது உண்மை நேரம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

சனிக்கிழமை ஆறு இருபத்தொன்பது. கட்டுச்சோற்றுப் பொதிகளோடு மேரிறோஸ் மாமி முன்வரிசையில் இருந்தார். கணேசலிங்கம் அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டியபடி ஏறினார். பஸ் நிறைந்துவிட்டது. வழியில் ஏறும் லெஸ்லி மாமாவை விட்டால், ஒரே ஒருவரைத்தான் காணவில்லை.

அருள்நேசன்! "எப்பிடியும் ஒருத்தரும் வந்திருக்கமாட்டினம்" என்று, பெனிற்றாவை முன்னால் அனுப்பிவிட்டு ஆற அமரச் சவரம் செய்துகொண்டிருந்தவர், ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடிவந்தார். பஸ்ஸே கைதட்டியது.

ஹவுன்ஸ்லோவில் லெஸ்லி மாமா வேலைச் சட்டையோடு நின்றார். ஏறியவர், "காலை வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் உறங்கிவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பேர்மிங்காம் வரை. அங்கே முன்னால் எங்கோ ஒரு லொறி பழுதாகி நிற்க, நெடுஞ்சாலை முழுவதும் வாகனங்கள் அசையாமல் நின்றன. பத்து நிமிடம் போனது. அரை மணி போனது. ஒரு மணித்தியாலமும் போய்விட்டது. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது பெனிற்றா விரல்விட்டு எண்ணினாள். இரண்டு மணிக்குக் கிட்டத்தான் போய்ச் சேரலாம். சுழி ஒன்றரைக்கே குறையத் தொடங்கிவிடும்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. எல்லோரும் நேரத்துக்கு வந்தார்களே! மாமா உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரே! கணக்கில் ஐந்து நிமிடமாவது மிஞ்சாதா என்று அட்டவணையை விரித்து மேலிருந்து கீழே வாசித்தாள். எண்கள் அப்படியேதான் இருந்தன. கடைசியில் எறும்பு வரிசை மட்டும் மிஞ்சியது. அதையும் வாசித்தாள்.

"இங்குள்ளவை குளிர்கால நேரங்கள். கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளவும்."

மறுபடி வாசித்தாள். கோடையில் இந்த நாட்டு மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பார்கள் அல்லவா! பிறகு துள்ளி எழுந்து முன்னால் ஓடி, ஒலிவாங்கியை எடுத்தாள்.

"எல்லாரும் மன்னிக்கவேணும். சுழி பன்னிரண்டரைக்கு இல்லை, ஒன்றரையிலை இருந்து இரண்டரை வரைக்கும். நான் உண்மை நேரம் எண்டு சொன்னனான், ஆனா ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லிப்போட்டன்."

எல்லோரும் அருள்நேசனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தகப்பன்ரை பிள்ளைதானே!" என்றார் மேரிறோஸ் மாமி. பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பில் பெனிற்றாவும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் இறங்கினார்கள். மாமாவை எழுப்ப அவள் மறக்கவில்லை. சரிவுப் பாதையால் இறங்க, உயரத்தில் சங்கிலிகளில் தொங்கும் பழைய பாலம் தெரிந்தது. தண்ணீரைக் காணும் முன்பே சத்தம் கேட்டது. பெரிய சோற்றுப் பானை கொதிக்கும் சத்தம்.

பிறகு கண்டார்கள்.

அது கடல் மாதிரியே இல்லை. மலை ஆறு மாதிரி ஓடியது. பாறைகளின் இடுக்கால் பச்சைத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வந்து, நுரைத்து, திரும்பி, தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. ஒரு சுழி, அதன் பக்கத்தில் இன்னொன்று, அவற்றை விழுங்கிக்கொண்டு ஒரு பெரிய சுழி! அதன் நடுவில் கிண்ணம் போல ஒரு பள்ளம். எங்கிருந்தோ வந்த ஒரு மரக்கிளை அதற்குள் மூன்று முறை சுற்றி, நிமிர்ந்து நின்று, மறைந்தே போனது. வெகுதூரம் தள்ளி மறுபடி மேலே வந்தது.

"ஓஓ!" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மேரிறோஸ் மாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சுழியை எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில், "என்ரை சிங்கிலை இப்பிடி வராதுதான்" என்றார் மெதுவாக.

கணேசலிங்கம் அங்கிள் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். லெஸ்லி மாமா கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். "நல்ல வேளை எழுப்பினாய் பிள்ளை. நித்திரை எப்பவும் கொள்ளலாம்."

பெனிற்றா தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். காணொளியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனால் காணொளியில் இந்த உப்பு வாசம் இல்லை. காலுக்குக் கீழே கல் மெல்ல அதிரும் இந்த உணர்வும் இல்லை. யாரும் சுற்றிவிடாமல், யாரும் பார்க்காவிட்டாலும், இந்தக் கடல் எத்தனை ஆயிரம் வருடங்களாக இப்படிச் சுழல்கிறது!

கரையில் உட்கார்ந்தே கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். சுழிகள் ஒவ்வொன்றாகச் சிறுத்தன. அருள்நேசன் எழுந்து, "நாலு மணிக்கு பஸ் வெளிக்கிடும். உண்மை நேரம்!" என்று அறிவித்தார்.

நான்கு மணிக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள். கணேசலிங்கம் அங்கிள் தலைகளை எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். ஒருவர் குறைந்தது.

கரையில் கடைசிச் சுழி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துவிட்டு, நாலு இருபதுக்கு ஓடிவந்து ஏறினாள் பெனிற்றா.