குறுநிலாவுக்கு ஒரு மூட்டை

சனிக்கோள் துறைமுகத்தில் சங்கு ஊதினால் சுமைக்காரர்கள் டீக்குவளையை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். வெளியே ஒரு சரக்குக் கப்பல் உடைந்திருக்கும். அதன் தூள் கூரையில் விழுந்து அடங்கும்வரை உள்ளே துரு உதிரும். அடங்கியதும் குடிப்பார்கள்.

அன்று மிக்கேலுக்கு டீ இறங்கவில்லை. அவன் மனைவி கித்தேரி 'சிப்பி' கப்பலில் சமையல்காரி. இரண்டு வருடம் கழித்து வருகிறாள்.

"உடைஞ்சது சிப்பி இல்லடே," என்றான் கூட்டாளி தொம்மை. "அவ கொழம்பு வாசத்துக்கு ஏவுகணையே வழி விட்டுரும்."

கப்பல்களைச் சுட்டவர்கள், வழியில் இருக்கும் குறுநிலா என்னும் சின்னத் துணைக்கோளின் போராளிகள். ஒரு காலத்தில் அவ்வழியே போகும் கப்பல்கள் ஒரு மூட்டை அரிசியைக் கீழே தள்ளிவிடும். கீழே ஒரு விளக்கு எரியும். மிக்கேலும் வாலிபத்தில் தள்ளியிருக்கிறான். அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தால் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். பிறகு எல்லைச் சண்டை வந்தது. கப்பல்களைக் காக்க வணிகச் சங்கம் தடை போட்டது: குறுநிலாவுக்கு ஒரு மணி அரிசியும் போகக் கூடாது. குண்டுகள் கூடின; தடையும் இறுகியது.

சிப்பி ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து நின்றது. துறைமுகமே ஆரவாரித்தது. ஆனால் துறைமுகக் கதவு திறக்கவில்லை. 'தடைக்காவலன்' என்னும் இயந்திரம் ஒலிபெருக்கியில் கேட்டது:

"குறுநிலாவுக்கு ஏதேனும் கொடுத்தீர்களா?"

"ஆமா, ஒரு மூட்டை அரிசி," என்றது கித்தேரியின் குரல். "பழைய வழக்கந்தானே? கீழ விளக்குப் போட்டாங்க. ஒரு குண்டுகூட வரல."

"எதிரிக்கு உணவு. கப்பல்களைக் காக்கும் தடையை மீறிய கப்பலுக்கு இங்கே இடமில்லை."

"உள்ள காத்து ஒரு நாளைக்குத்தான் இருக்கு. நாங்க எங்க போக?"

அதற்கு இயந்திரத்திடம் விதி இல்லை.

மிக்கேல் கதவருகே தொங்கிய ஒலிவாங்கியைப் பறித்தான். "கித்தேரி, திரும்பிப் போ. விளக்குப் போட்டவங்ககிட்டயே போ."

"சரி. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்," என்றான், பட்டினியாக.

சிப்பி திரும்பியது. சங்கத்தின் அறிவிப்பு வந்தது: "இன்று ஒரு கப்பல் சேதமின்றி வந்திருக்கிறது. இது தடையின் வெற்றி. நாளை முதல் தடை மேலும் இறுக்கப்படும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"தட்டுடே, காவலன் மேல இருந்து பாக்கான்," என்றான் தொம்மை.

மிக்கேலும் தட்டினான். தூரத்தில், குறுநிலாவில், அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது.