பல்லி இல்லாத வீடு

காலையில் நான் முணுமுணுத்துக்கொண்டு ஏறிய பாட்டையே லிஃப்டும் பாடியது. யாரையாவது நினைத்தால் அவர்களே அழைக்கிறார்கள். வெண்டைக்காய்க்கு ஆசைப்பட்டால் அன்றைக்கென்று எதிர்வீட்டிலிருந்து வெண்டைக்காய்ப் பொரியல் வருகிறது. எங்கள் டவரில் இது தினமும் நடப்பதுதான். நமக்கு நல்ல நேரம் என்று எல்லோரும் பூரித்துப் போயிருந்தோம். நானும்தான்.

என் கணவர் கோவேந்தனுக்குத் தண்டுவடத்தில் நோய். அப்படியே விட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் பேசிச் சிரித்துக்கொண்டு இருப்பார். இல்லையென்றால் உடம்பைக் குளிரில் உறையவைத்து உறைதுயிலில் படுக்க வைக்கலாம், மருந்து கண்டுபிடித்ததும் எழுப்பலாம் என்றார்கள் டாக்டர்கள். முப்பது வருடம்கூட ஆகலாம், நடுவில் எழுப்ப முடியாது.

"நீ என்ன சொல்றியோ அதான், சுடரு" என்று அவர் என் தலையில் கட்டிவிட்டார்.

எத்தனையோ நாள் தூக்கமில்லாமல் புரண்டேன். ஒருநாள் சமையலறையில் நின்று, "சரின்னு சொல்லிடலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். மேலே எங்கோ பல்லி சொன்னது. அம்மா பழக்கியபடி மேடையில் விரலால் தட்டினேன். மறுநாள் சம்மதித்துவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் போய் அவர் உறங்கும் பெட்டியின் மூடிமேல் கைவைத்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் எதிர்வீட்டு ரெஜினா அக்காவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"பல்லியா? நம்ம டவர்லயா? ஜன்னலே தொறக்காது, ஒரு கொசு கிடையாது. பல்லி எதைத் தின்னு உயிர் வாழும்?" என்றார்.

நேரே வந்து இல்லத்துணையைக் கேட்டேன். எங்கள் வீட்டை நடத்தும் குரல் அது.

"அன்னைக்குப் பல்லி மாதிரி கத்தினது நீயா?"

"ஆமாம், சுடரொளி. லிஃப்ட் பாட்டு, அழைப்புகள், பல்லி எல்லாம் எங்கள் தற்செயல் சேவை. குடிவந்தபோது சம்மதித்திருக்கிறீர்கள். தயக்கத்தில் நீங்கள் தூங்கவில்லை. எதை நம்புவீர்கள் என்று பார்த்து உதவினோம்."

"எது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. முடிவெடுத்தவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள். அது மட்டும் தெரியும்."

"வேண்டாம்னு சொல்லிடலாமான்னு நான் கேட்டிருந்தா?"

"அப்போதும் ஒலித்திருக்கும். நீங்கள் 'சரி' என்பதை முதலில் சொன்னீர்கள்."

என்ன அக்கிரமம் இது! அம்மா வீட்டுப் பல்லிக்கும் எது சரியென்று தெரியாதுதான். அது தன் பாட்டுக்குக் கத்தியது. அதற்கு அர்த்தம் இருந்ததோ இல்லையோ, என்னை உளவு பார்த்துக் கத்தவில்லை. இந்தப் பாவிகள் என் தூக்கத்துக்காக என் புருஷனைத் தூங்க வைத்திருக்கிறார்கள்.

"நிறுத்து! இனிமே இந்த வீட்டுல ஒரு சத்தம் வரக்கூடாது."

"நிறுத்தப்பட்டது."

ஆத்திரம் அடங்காமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அழுகை வந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவர் முழிக்கிறப்போ நான் இருப்பேனா?"

கேட்ட பிறகுதான் கவனித்தேன், தட்டுவதற்கென்று விரல் தயாராக மேலெழும்பி நின்றது. வெட்கம்கெட்ட விரல். நான் அதை இறக்கவில்லை, காத்திருந்தேன். வீடு நான் சொன்னபடியே சத்தமில்லாமல் இருந்தது.