மணிமொழியின் டிவி

அந்த வீட்டுக்கு நான் இரண்டாவதாகப் போனவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இந்தப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. கல்யாணம் முடிந்து போய் இறங்கியதும் மாமியார் அமிர்தவல்லி ஆரத்தி எடுத்தார். வலது காலை வைத்துக் கூடத்துக்குள் போனேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய டிவி. பின்பக்கம் புடைத்த பெரிய பெட்டி, முன்னால் பிதுங்கிய கண்ணாடி. அதற்கு மேலே சுவரில் மாலை போட்ட படம். முதல் மனைவி மணிமொழி. டிவி அவள் சீராகக் கொண்டுவந்ததாம். காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள், டிவி மட்டும் தங்கிவிட்டது.

"இது ஓடுமாங்க?" என்று கேட்டேன்.

"ஓடும். தொடாத."

என் புருஷன் குருமூர்த்தி அந்த வீட்டில் வைத்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

குணத்தில் கெட்டவர் இல்லை. பெரம்பலூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய வீடியோ கேம் மட்டும் உண்டு. திருவிழாக் கடையில் வாங்கிய கேம் பெட்டியை அந்த டிவியில் மாட்டி அவரும் அவளும் கட்டிலில் உட்கார்ந்து விளையாடுவார்களாம். மாமியாரே சொன்னார். புதுசாக வந்தவளிடம் சொல்ல வேறு பேச்சா இல்லை?

வந்த வாரமே ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். காற்று வந்தது. இனி இது என் வீடு என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி.

தை மாதம் பூவாடைக்காரிக்குப் படைத்தார்கள். சுமங்கலியாகச் செத்தவளுக்குப் புதுப் புடவை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக வந்தவள் இருந்தால் அவள்தான் கட்ட வேண்டும்.

"நீ கட்டிக்கிட்டாதான் அவ உன்ன ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். தல குளிச்சிட்டு வா, மேகலா" என்றார் மாமியார். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட புடவை. மடித்துக் கட்டிலில் வைத்தார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டிலில் புடவை இல்லை.

டிவி மேல் கிடந்தது. டிவியையும் மூடி, முன்னால் குனிந்திருந்த என் புருஷனின் தலையையும் மூடி, கூடாரம் போட்ட மாதிரி. உள்ளே கேமரா சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, என்னங்க பண்றீங்க?"

"டிவி மங்கிக்கிட்டே வருது. அணையறதுக்குள்ள வெளிச்சம் படாம போட்டோ எடுத்து வெச்சுக்கணும். கையில கெடச்சத எடுத்துப் போத்திக்கிட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாயில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவி! பொம்பள ஒடம்புல ஏற வேண்டியதடா அது. பொட்டிக்கா கட்டிவுட்ட?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. டிவிக்குச் சாத்தியதை நான் கட்ட வேண்டுமா? அந்த அளவுக்கு நான் இளப்பமா? புடவையை உருவிச் சுருட்டி பீரோவின் அடித்தட்டில் திணித்தேன். அவர் வேலைக்குப் போனதும் பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு டிவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

சாயங்காலம் வந்தவர் வெறும் இடத்தைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுவாரம் தட்டையாகப் புது டிவி ஒன்று வாங்கிவந்து அதே இடத்தில் மாட்டினார். லேப்டாப்பை அதில் இணைத்து, பழைய கேம்களை ஓட்டுகிற சாப்ட்வேர் போட்டார். எனக்குச் சந்தோஷம். மனுஷன் மாறிவிட்டார் என்று கேசரி கிண்டினேன்.

அவர் மாறவில்லை. நான் தூக்கிக் கொடுத்த டிவியைப் புது டிவிக்குள் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

அதற்கு ஃபில்டர் என்று பெயராம். புது டிவியில் படம் கத்தி மாதிரித் தெரியும். பழைய கண்ணாடியில் அப்படித் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடிப் புள்ளிகள், இடையிடையே கருப்புக் கோடுகள், ஓரத்தில் வளைவு, வெளிச்சத்தைச் சுற்றிக் கசிகிற ஒரு மினுக்கம். அன்றைக்குப் புடவைக்குள் எடுத்த போட்டோக்களை வைத்து அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றினார்.

"நல்லாத் தெரியற படத்தக் கெடுக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று சீண்டினேன்.

"கெடுக்கல. அந்த டிவியில சிவப்பு கொஞ்சம் வலது பக்கமா வழியும். இன்னும் அது வரல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவப்பு வழிந்தது. கோடுகள் வந்தன. பிறகு ஒருநாள் மதியம் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். கேம் நின்றிருந்த நேரம். இருண்ட திரையில் மங்கலாக ஓர் அறை தெரிந்தது.

"அது என்னங்க?"

"பழைய டிவிக் கண்ணாடி. அத நிறுத்தியிருந்தப்ப எடுத்த போட்டோவப் படத்துக்கு மேல ஒரு படலமாப் போட்டிருக்கேன். அதுக்கப்பறம்தான் அந்த டிவியாவே இருக்கு."

கிட்டே போய்ப் பார்த்தேன். கட்டில் தெரிந்தது. ஜன்னல் தெரியவில்லை. ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நின்றது.

நான் நகர்த்திய பீரோ.

"இந்தப் போட்டோ தை மாசம் எடுத்தது தானே? பீரோ அப்ப எதிர்ச் சுவத்துல இல்ல இருந்துச்சு?"

அவர் லேப்டாப்பில் எதையோ தட்டினார்.

"புடவைக்குள்ள இருட்டா இருந்துச்சே. அதுல எப்புடிங்க ரூம் தெரியும்?"

"எங்கயாவது வெளிச்சம் கசிஞ்சிருக்கும். போய் வேலயப் பாரு."

கட்டிலின் ஓரத்தில் ஏதோ குவிந்திருந்தது. தலையணையாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வாழைப்பூவுக்குத் திரும்பினேன்.

அடுத்தடுத்த நாட்களில் அந்தத் தலையணை நிமிர்ந்து உட்கார்ந்தது.

வீட்டில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. சூடேறிய தூசி வாடை. பழைய டிவி நெடுநேரம் ஓடினால் பின்பக்கத்திலிருந்து வருமே, அது. புது டிவியைத் துடைக்கப் போனேன். கைரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது. துணி பட்டதும் பட்பட்டென்று பொரிந்தது. பழைய கண்ணாடிதான் அப்படி இழுக்கும். இதில் கண்ணாடியே கிடையாது.

அவர் என்னோடு பேசுவது குறைந்துபோனது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். விளையாடும்போது மட்டும் தணிந்த குரலில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கேம் கைப்பிடி கட்டிலில் அவர் பக்கத்தில் சும்மாக் கிடக்கும். திரையில் இரண்டு பொம்மைகளும் ஓடும்.

"யாரோட பேசறீங்க?"

"கேம்தான்."

அவர் சிரித்தார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. செத்தவளிடம் தோற்பதை எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்ல? எனக்கு வேண்டியது அந்த மனுஷன் ஒருத்தர்தான். வீடு, பீரோ எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மாமியாரிடம் அழுதேன். அவர் தலையைத் தடவினார். "அன்னிக்கே கட்டியிருந்தீன்னா அவ அடங்கியிருப்பா. இப்பவாவது கட்டிக்க, ஆயி."

சரி, கட்டித் தொலைக்கிறேன் என்று பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன்.

நான் சுருட்டித் திணித்த புடவை மடிப்பாக இருந்தது. விரித்தேன். கொசுவம் வைத்த சுருக்கம் படிந்திருந்தது. கொசுவத்தில் துரு ஏறிய ஊக்கு ஒன்று குத்தியிருந்தது.

துணி வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் அவிழ்த்துப் போட்ட மாதிரி.

வீசிவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் அவர் அவளுக்கு என்று ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். கொசுவத்தை நான் மடிக்கவேண்டியிருக்கவில்லை. தானாக விழுந்தது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் கட்டிலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பிடியை நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க. கட்டிக்கிட்டேன், பாருங்க."

அவர் திரும்பவில்லை. திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஒனக்கு இதான் நல்லா இருக்கு, மணி."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றி நின்றது. டிவி அணைந்தது. நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. பழைய டிவியை நிறுத்தினால் நிற்குமே, அதே புள்ளி. கரண்ட் இல்லாமல் அது மெதுவாகச் சுருங்கி, சுருங்கி, மறைந்தது.

இருண்ட திரையில் அறை தெரிந்தது. ஜன்னலை மறைத்த பீரோ. கட்டில். அவர். அவர் பக்கத்தில் அரக்குச் சிவப்புப் புடவை.

நான்தான், என்று நினைத்தேன்.

எழுந்தேன்.

திரையில் அவள் எழவில்லை.

கதவு வரைக்கும் போனேன். அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இங்கே கட்டிலில் அவர் தோள் மெல்ல அமுங்கியது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். "நான் போறேங்க."

"உஸ்" என்றார், என்னைப் பார்க்காமலே. "மேகலா வந்துடப் போறா."

அங்கேயே புடவையை அவிழ்த்துப் போட்டேன். கொடியில் கிடந்த நைட்டியை மாட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பஸ்ஸைப் பிடித்து வாலிகண்டபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அங்கிருந்து யாரும் தேடி வரவில்லை. மாமியார் மட்டும் ஒருமுறை போனில் பேசினார். "அவன் நல்லாத்தான் இருக்கான், ஆயி. முன்ன மாதிரியே இருக்கான்" என்றார். முன்ன மாதிரி என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை.

இங்கே அண்ணி தங்கம். வேலைக்குப் போ என்கிறாள், இன்னொரு கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றுகூடச் சொல்கிறாள். எல்லாம் முடிந்துபோனதாகத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாப்பிட்டுவிட்டு மூவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். சீரியல் முடிந்ததும் அண்ணி ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். நான் இடத்தைவிட்டு எழவில்லை.

கருப்புத் திரையில் அண்ணன் தெரிந்தார். அண்ணி தெரிந்தாள். இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி தெரிந்தது.

நாற்காலி மட்டும்.