பனியில் தொய்ந்த இறக்கை

குழந்தைராஜ் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய விமானம் இல்லை. ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய குட்டி விமானம். அலுமினியக் குழாய், ஒட்டுப்பலகை, மோட்டார், சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பசுமாட்டின் எடைகூட வராது. சீர்காழிக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றின் கொட்டகையில் அதை வைத்திருந்தார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் அவரும் அவருடைய மகள் ரோஸ்லினும் குடியிருந்தார்கள். அம்மா எல்சி குவைத்தில் நர்ஸாக இருந்தார்.

ரோஸ்லினுக்குப் பதினொரு வயது. போன ஜூன் மாதம்தான் திருப்பனந்தாளிலிருந்து இங்கே வந்தார்கள். ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே தோழிகள் இருந்தார்கள். யாரும் ரோஸ்லினைக் கேலி செய்யவில்லை, அடிக்கவில்லை. பேசவும் இல்லை. மதியச் சாப்பாட்டைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்பா அறுவடை இயந்திர மெக்கானிக். தை மாதம் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. பனி காய்ந்ததும் வயலில் இயந்திரம் இறங்க வேண்டும் என்பதால், விடியும் முன்பே புறப்பட்டுப் போய்விடுவார். மாலையில் திரும்பி வந்ததும் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார்.

"சாப்பிட்டியா பாப்பா?"

"ம்."

"பாடமெல்லாம் படிச்சியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது அப்பா வண்டியைக் கடைத்தெருப் பக்கம் திருப்பினார்.

"இறக்கைக்குத் துணி வாங்கணும். நீயும் வா."

விமானத்துக்கென்றே நெய்யப்படும் துணி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சொல்லி வைத்து எட்டு மாதமாகியும் வரவில்லை. அதனால் மூஸா மாமாவின் ஜவுளிக்கடையிலேயே தேடிப் பார்க்கலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

கடையில் அவர் ஒவ்வொரு துணியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு துணியை வாயோடு சேர்த்து வைத்து ஊதினார்.

மூஸா மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னண்ணே, துணி எடுக்க வந்தீங்களா, நாதஸ்வரம் வாசிக்க வந்தீங்களா?"

"காத்து அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க. போனா இறக்கை தூக்காது."

மூஸா மாமாவின் மகள் ரிஃப்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லினின் வகுப்புதான். ரோஸ்லினை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் அப்பா நைலான் துணியில் வந்து நின்றார். லேசாக இருந்தது, இழுத்தால் கிழியவில்லை. அதில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள் இருந்தன. அப்பா திரும்பி, "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

ரோஸ்லினால் ஒரு நிமிடம் நம்ப முடியவில்லை. அப்பா அவளிடம் ஒரு விஷயம் கேட்கிறார்! விமானத்தைப் பற்றி!

"நீலம்," என்றாள்.

"சரி, நீலம்."

அந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இறக்கைக்குத் துணி போர்த்தினார்கள். அப்பா இழுத்துப் பிடிக்க, ரோஸ்லின் ஓரத்தில் பசை தடவினாள். துணியை நீவிவிட்டுக்கொண்டே அப்பா பேசினார்.

"துணி இறுக்கமா இருந்தாதான் பாப்பா இது இறக்கை. தொய்ஞ்சு போச்சுன்னா வெறும் போர்வை."

பசை காய்வதற்காக, முன்பக்கம் திறந்திருந்த தாழ்வாரத்தில் இறக்கையைச் சாய்த்து வைத்தார்கள். ரோஸ்லின் விரலால் சுண்டினாள். டொம் என்றது. அப்பா சிரித்தார். இரண்டு நாள் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் அப்பா கிளம்பிப் போனதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வீடு 'கம்'மென்று இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு இறக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயல்மேல் வெள்ளையாகப் பனி நின்றது. சும்மா இறக்கையைச் சுண்டினாள்.

சத்தம் வரவில்லை.

விரலை வைத்து அழுத்தினாள். துணி குழிந்தது. சட்டத்துக்குச் சட்டம் நீலத் துணி தூளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஓடி வந்து பார்த்தாள். டொம்! துணி பழையபடி விறைப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் தொய்ந்தது. வெயில் ஏறினால் இறுகுகிறது. பனி பெய்தால் தளர்கிறது. அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில் அது இறுக்கமாகவே இருக்கிறது. அதனால் அவருக்குத் தெரியவில்லை.

சொல்ல வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? நீலம் என்று சொன்னது அவள்தானே? முதல் தடவையாக அப்பா ஒன்று கேட்டார். அதுவும் தப்பாகப் போய்விட்டது. இனிமேல் கேட்பாரா?

இரவு அம்மா வீடியோவில் வந்தார்.

"என்னடா, முகம் வாடியிருக்கு?"

"அம்மா, அந்த இறக்கையில..."

அம்மாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. சிக்னல் இல்லை. ரோஸ்லின் போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து அறையில் அப்பா சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அடுத்த இறக்கைக்குத் துணியை அளந்துகொண்டிருந்தார். அந்த இறக்கையை நம்பித்தான் அப்பா மேலே போவார்.

சனிக்கிழமை மதியம் அவள் தனியாகவே கடைத்தெருவுக்கு நடந்தாள். மூஸா மாமா தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் ரிஃப்கா மட்டும்தான் இருந்தாள்.

"பனியில நனைஞ்சா தொய்யாத துணி இருக்கா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

ரிஃப்கா யோசித்தாள். "குடை வேணுமா?"

"இல்ல. விமானத்துக்கு."

"அப்ப நிஜமாவே விமானமா? எங்க அத்தா சொன்னப்ப கதை விடுறாங்கன்னு நெனச்சேன்." ரிஃப்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "உனக்குப் பேச வருமா? வகுப்புல நீ யார்கிட்டயும் பேச மாட்டியே."

"நீங்கதான் என்கிட்ட பேச மாட்டீங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ரிஃப்கா பரபரவென்று பெட்டிகளை இழுத்தாள். பருத்தி, நைலான், பாலியஸ்டர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டினாள். கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு வெள்ளைச் சுருளையும் இழுத்து வந்தாள்.

"இதுவும் பாலியஸ்டர்தான். சாயம் போடாதது. பொல்லாத துணி! இஸ்திரிப் பெட்டியை வச்சா அப்படியே சுருங்கிடும். வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் சண்டைக்கு வந்தாங்க."

"சுருங்குமா?" ரோஸ்லினின் கண் விரிந்தது. "சுருங்கினா இறுகும்தானே?"

அன்று மாலை அப்பா திரும்புவதற்குள், ரோஸ்லின் வீட்டில் ஒட்டுப்பலகைத் துண்டுகளில் நான்கு குட்டிச் சட்டங்கள் செய்து, நான்கு துணிகளையும் ஒட்டினார்கள். வெள்ளைத் துணிமேல் ரிஃப்கா சூடான இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தாள். சுருக்கங்கள் எல்லாம் மறைந்து, துணி பலகை மாதிரி நின்றது. நான்கையும் வாசலில் பனியில் வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரிஃப்கா தன் அண்ணன் சமீரின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பருத்தி ஈரத்தைக் குடித்துக் கனத்திருந்தது. நைலான் தொங்கியது. சாயம் போட்ட பாலியஸ்டர் பரவாயில்லை. வெள்ளைத் துணிமேல் பனித்துளிகள் முத்துமுத்தாக நின்றன. சுண்டினால் துள்ளி விழுந்தன.

"இதுதான்!" என்று கத்தினாள் ரிஃப்கா.

ரோஸ்லின் கத்தவில்லை. இனிமேல்தானே கஷ்டமான வேலை!

ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா மெதுவாகத்தான் எழுவார். ரோஸ்லின் போர்வையைச் சுற்றிக்கொண்டே போய் எழுப்பினாள்.

"அப்பா, வாங்க. ஒண்ணு காட்டணும். இப்பவே வாங்க. வெயில் வந்தா போயிடும்."

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து இறக்கைமேல் கை வைத்தார். கையை எடுத்தார். மறுபடியும் வைத்தார். முகத்திலிருந்த தூக்கம் போய்விட்டது.

"எத்தன நாளா இப்படி?"

"வியாழக்கிழமை பாத்தேன்."

"ஏன் பாப்பா சொல்லல?"

ரோஸ்லின் தரையைப் பார்த்தாள். "நான்தானே நீலம்னு சொன்னேன். அது தப்பாப் போச்சு. இனிமே நீங்க என்னைக் கேக்க மாட்டீங்கன்னு..."

அப்பா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நீ சொன்னது நிறம். துணியைத் தேர்ந்தெடுத்தது நான். லேசா இருக்கா, கிழியாம இருக்கான்னு பாத்தேனே தவிர, நம்ம ஊர்ப் பனியை யோசிக்கவே இல்ல." பிறகு அவர் குரல் இறங்கியது. "ஆமா, அந்த நேரத்துல நீ இங்க என்ன பண்ணிட்டிருந்தே?"

"சும்மா உக்காந்திருந்தேன். வீட்டுல யாரும் இல்லையே."

"தெனமுமா?"

ரோஸ்லின் தலையாட்டினாள். அப்பா அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்த போர்வையை எதற்கு அவ்வளவு நேரம் சரிசெய்கிறார் என்று ரிஃப்காவுக்குப் புரியவில்லை.

பிள்ளைகள் காட்டிய நான்கு சட்டங்களையும் சுண்டிப் பார்த்த பிறகு, அன்று அப்பாவே நீலத் துணியின் ஓரத்தைப் பிடித்து 'டர்ர்'ரென்று உரித்தார். மூஸா மாமாவின் வெள்ளைச் சுருள் வந்து சேர்ந்தது. "நல்லா சுருங்குற துணி இருக்கான்னு தேடிட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதாண்ணே!" என்று மாமா சிரித்தார்.

அதன்பிறகு அப்பா அரை மணி நேரம் தாமதமாகவே வேலைக்குக் கிளம்பினார். காலையில் டீ போட்டு இரண்டு தம்ளரில் ஊற்றிவிட்டு, பேச ஆரம்பிப்பார். சில நாள் பேச எதுவும் இருக்காது. அப்போதும் உட்கார்ந்திருப்பார். மாலையில் ரிஃப்கா வருவாள். துணி ஒட்டி, இஸ்திரி போட்டு, வெயில் தின்றுவிடாமல் இருக்க வெள்ளிப் பூச்சு அடித்து முடிப்பதற்குள் தை போய் மாசி வந்துவிட்டது.

மேலே பறப்பதற்கு முன் அதிகாரிகள் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அதுவரை தரையில் ஓட்டிப் பார்க்கலாம். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் அப்பா மோட்டாரைக் கிளப்பினார். விமானம் குலுங்கியது; உருண்டது. கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"இதை விட எங்க அத்தாவோட மொபெட் வேகமாப் போகும்," என்றாள் ரிஃப்கா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, விமானத்தின் வால் மெல்ல மேலே எழும்பியது. வெள்ளி இறக்கைகள் காற்றைப் பிடித்து விம்மி நின்றன. இரண்டு பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். வயலின் மறுகோடியில் அப்பா விமானத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

மூச்சு வாங்க நின்ற ரிஃப்கா, "நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வெள்ளனவே வா," என்றாள் ரோஸ்லின். "அப்பாகிட்ட சொல்லி உனக்கும் சேர்த்து டீ போடச் சொல்றேன்."