முனியறைக்கு முன்னால் இரண்டு நிமிடம்

பாலைவனத்தைப் படம் பிடிப்பது அத்வைத்தின் நெடுநாள் ஆசை. மேனேஜர் தந்த லீவில் ராஜஸ்தான் எட்டவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்பாத்தியிலிருந்து கிளம்பியவன், மறையூருக்கு அப்பாலுள்ள முள்காட்டோடு சமாதானமாகிவிட்டான். ஆடியில் கேரளமே நனைந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் கள்ளியும் காய்ந்த புல்லும். ஜீப் ஓட்டி வந்தவர் சூரியநெல்லிக்காரர் பாண்டி.

பொழுது சாயும்போது ஒரு பாறைமேல் முனியறை தென்பட்டது. நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். எந்தக் காலத்திலோ யாரையோ புதைத்த இடம். அதன் உயரம் படத்தில் தெரிய, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

"பாண்டியண்ணா, அதுகிட்ட சித்த நில்லுங்கோ. ரெண்டு நிமிஷம் அசையப்படாது."

"என் கல்யாண போட்டோவுக்கே இம்புட்டு நேரம் நின்னதில்ல சார்."

மேகம் பஞ்சாக இழுபட வேண்டும் என்று, லென்சில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தான் அத்வைத்.

முடிந்ததும் பாண்டி இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"அசையாதன்னு சொல்லிட்டு நீங்களே வந்து தோள்ல கை வச்சா எப்பிடி சார்?"

அத்வைத் டிரைபாடை விட்டு நகரவே இல்லை.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். காற்றில் ஆடிய புல் புகையாகியிருந்தது. பாண்டியின் உருவமும் விளிம்பெல்லாம் மங்கல். மூச்சு விடுகிற மனிதன் இரண்டு நிமிடப் படத்தில் அப்படித்தான் விழுவான்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண். அந்தக் காற்றிலும் அவள் கூந்தல் இழை இழையாகத் தெளிவாக இருந்தது. அவள் கை பாண்டியின் தோளில்.

இரண்டு நிமிடமும் அவள் மூச்சே விடவில்லை.

"கிளம்பிடலாம் அண்ணா."

பாண்டி அசையவில்லை. "என் பொஞ்சாதி முருகேஸ்வரி மாசமா இருக்கா சார். இதையும் கூட்டிக்கிட்டு நான் வீட்டு வாசல மிதிக்கமாட்டேன். இன்னொண்ணு எடுங்க. போயிட்டாளான்னு பாத்துருவோம்."

மறுபடி போய் நின்றார். ஷட்டர் திறந்தது.

காற்று நின்றது.

எங்கோ ஒரு மயில் பாதி அகவி நிறுத்திக்கொண்டது.

மழையே பெய்யாத மண்ணிலிருந்து ஈரவாடை வந்தது.

ஷட்டர் மூடியது. படத்தைத் துலக்க, கேமரா இன்னொரு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. திரை இருட்டாகவே இருந்தது. அத்வைத் அதிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

படம் வந்தது.

பெண் இல்லை. தோளில் கை இல்லை. பாண்டி மட்டும்.

"போயிட்டா அண்ணா!" அத்வைத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சந்தோஷத்தில் படத்தைப் பெரிதாக்கினான்.

சட்டைப் பொத்தானின் நூல் தெரிந்தது. தாடி மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இமை முடிகூட.

எங்குமே மங்கல் இல்லை.

பின்னால் ஜீப் உறுமியது. பாண்டி எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க சார். முருகேஸ்வரி காத்திருப்பா. வீட்டுக்குப் போவோம்."



பாறைமேல், முனியறையின் உள்ளேயிருந்து, மெல்ல ஒரு குரல் கேட்டது.

"சார்... இப்ப அசையலாமா?"